ஆய்வுக்கு வராத பிள்ளை

2004-ஆம் வருடம், ஐப்பசி மாதம், சின்னமனூரில் நடந்தது இது. வளர்ச்சி குறைந்த சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சி மையம் ஒன்றில் அப்போது நான் டீச்சராக இருந்தேன். எல்லாம் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். சிலருக்குக் காது கேட்காது, சிலருக்குப் பேச்சு வராது, சிலருக்குக் கழுத்தே நிற்காது. ஒரு டிரஸ்டுக்காரர்கள் வாடகைக்கு வீடு பிடித்து நடத்தினார்கள். நான், இன்னொரு டீச்சர், ஓர் ஆயாம்மா, வாரத்தில் இரண்டு நாள் தேனியிலிருந்து பஸ் ஏறி வரும் பிசியோதெரபி தம்பி. அவ்வளவுதான் எங்கள் பட்டாளம்.

எனக்குச் சொந்த ஊர் ஜெயமங்கலம். தோட்டத்தில் நின்றுகொண்டு நாலு வயல் தள்ளி இருப்பவரைக் கூப்பிட்டே வளர்ந்த தொண்டை என்னுடையது. எங்கள் அப்பா என்னை 'மைக் செட்' என்றுதான் கூப்பிடுவார். காது கேட்காத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகிறேன் என்றதும், "சரியான ஆளைத்தேன் பிடிச்சிருக்காக" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு மோட்டார் போடப் போய்விட்டார். குரல் மட்டுமில்லை, கோபமும் எனக்குக் கொஞ்சம் பெரிதுதான். அம்மாமார்கள் தாமதமாக வந்தால் வாசலிலேயே நிறுத்திக் கத்துவேன். ஆனாலும் என் மேல் அவர்களுக்குப் பிரியம் உண்டு.

அந்த அம்மாமார்களில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவள் வீட்டுக்காரருக்கு மேகமலையில் டீ பாக்டரியில் வேலை. அங்கே எஸ்டேட்காரர்கள் கொடுத்த லைன் வீட்டில் இருந்தால் பிள்ளையைத் தினமும் கீழே கொண்டுவர முடியாது. அந்த ரோட்டில் பஸ் ஏறி இறங்கினால் நல்ல உடம்புக்காரர்களுக்கே குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் பிள்ளைக்காகவே புருஷனை மலையில் விட்டுவிட்டு, சின்னமனூரில் ஒற்றை அறை பிடித்துக் குடியிருந்தாள். மதியத்துக்கு மேல் ஒரு மண்டிக்காக வீட்டிலேயே உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுப்பாள். அவளிடம் எப்போதும் ஒரு புளி வாசனை இருக்கும்.

பிள்ளைக்கு நாலு வயது. பிறந்ததும் அழாத பிள்ளை. கை கால் விறைத்திருக்கும், தலை நிற்காது, பேச்சு கிடையாது. டாக்டர்கள் பலர் கையை விரித்துவிட்டார்கள். எங்களிடம் வந்த பிறகு முதுகைத் தாங்கிப் பிடிக்கிற மூலை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தால் கொஞ்ச நேரம் தலையைத் தூக்கிப் பிடிப்பாள். கஞ்சியைப் புரையேறாமல் விழுங்கக் கற்றுக்கொண்டாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு முன்னேற்றமா என்று தோன்றும். எங்களுக்கு அது மலையைப் புரட்டின கணக்கு.

காலையில் எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாக உட்காரவைத்துப் பெயர் கூப்பிடுவேன். பேசுகிற பிள்ளை பேசும், பேசாதது கையைத் தூக்கும், அதுவும் முடியாதது என் முகத்தைப் பார்த்தால் போதும். கூப்பிட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும், அதுதான் பயிற்சியே. இந்தப் பிள்ளையை நான் 'குட்டிம்மா' என்று கூப்பிடுவேன். வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் அவள் ஒரு நாள்கூட என் பக்கம் திரும்பினதில்லை. நான் காத்திருந்து காத்திருந்து பார்ப்பேன். கடைசியில் அவள் அம்மாவே பொறுக்க மாட்டாமல், "இருக்கா டீச்சர்" என்று பிள்ளைக்காகச் சொல்லிவிடுவாள். "நீ சொல்லாதம்மா, அவ சொல்லட்டும்" என்று நான் வைவேன். அடுத்த நாளும் அதுவே நடக்கும்.

இந்த மாதிரி மையங்களைச் சட்டப்படி அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்த அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் முன்னால் சென்னையிலிருந்து அதிகாரிகள் வந்து ஆய்வு செய்வார்கள். டீச்சர் முறையாகப் படித்தவரா, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பயிற்சித் திட்டம் போட்டிருக்கிறதா, பெற்றோருக்கு அது தெரியுமா, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் உண்டா, கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, எல்லாம் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பெயர் கொடுத்த பிள்ளைகள் நிஜமாகவே இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். இல்லாத பிள்ளைகளின் பெயரில் மானியம் வாங்கித் தின்ற புண்ணியவான்கள் அங்கங்கே இருந்ததால் வந்த வினை. அங்கீகாரம் போனால் மானியம் நிற்கும், மானியம் நின்றால் மையம் மூடும். அதற்கப்புறம் எங்கள் பிள்ளைகளுக்கு மதுரைதான் கதி. வாரத்தில் எத்தனை நாள் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓட முடியும்?

ஆய்வுக்குத் தேதி வந்ததும் நாங்கள் ராத்திரி பகலாக வேலை பார்த்தோம். வாசலில் சாய்தளத்துக்கு சிமென்ட் பூசினோம். திட்டங்களை எல்லாம் திருத்தி எழுதினோம். நாங்கள் உண்மையாக நடத்துகிற இடம்தானே, எனக்குப் பயமே இல்லை. அம்மாமார்கள் மட்டும் கூடிக் கூடிப் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். சேலை விஷயமோ சீட்டு விஷயமோ என்று நானும் விட்டுவிட்டேன்.

அவர்கள் பேசினது என்ன என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரு பழக்கம் இருந்தது. இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு மக்குப் பிள்ளைகளை வீட்டில் இருக்கச் சொல்லிவிடுவார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை எண்ணெய் தேய்த்துத் தலைவாரி முதல் பெஞ்சில் உட்காரவைப்பார்கள். இந்த அம்மாமார்கள் எல்லாம் அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள்தான். ஆய்வு என்றால் அவர்களுக்குத் தெரிந்தது அதுதான்.

வாழைக்காய்க் கமிஷன் கடைக்காரர் மனைவி ஒருத்தர், திக்கித் திக்கிப் பேச ஆரம்பித்திருந்த ஒரு பையனின் அம்மா, அவர்தான் யோசனையைக் கிளப்பியிருக்கிறார். கெட்ட மனுஷி இல்லை. மையத்துக்குப் பாய் கிழிந்தால் கேட்காமலே வாங்கிப் போடுகிறவர். "ஏத்தா, மெட்ராஸ்ல இருந்து வாராக. இம்புட்டு நாளாப் பாத்தும் ஒண்ணும் தேறலையேன்னு மூடிட்டாகன்னா எல்லாப் பிள்ளைக்கும் போச்சு. அன்னைக்கு ஒரு நா மட்டும் உங்க பிள்ளைகளக் கூட்டியாராதீக" என்று, ரொம்பவும் முடியாத மூன்று பிள்ளைகளின் அம்மாக்களிடம் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். குட்டிம்மாவின் அம்மா உட்பட மூன்று பேரும் ஒரு வார்த்தை மறுக்கவில்லையாம்.

ஆய்வு நாள் வந்தது. சென்னையிலிருந்து ஒரு பெண் அதிகாரி, கூடவே தேனி அலுவலகத்திலிருந்து ஒருவர். அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, சிடுசிடுக்கவும் இல்லை. காபி கொடுத்தோம், வேண்டாம் என்றுவிட்டார். சாய்தளம் செங்குத்தாக இருக்கிறது, இன்னும் நீட்டிப் போடுங்கள் என்றார். பயிற்சித் திட்டங்களை ஒன்றுவிடாமல் படித்தார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் பிள்ளைகளைப் பார்த்தார். புதுச் சட்டை, நெற்றியில் பெரிய பொட்டு, முகத்தில் அப்பின பவுடர் என்று எல்லாம் கல்யாண வீட்டுக்கு வந்தவை மாதிரி உட்கார்ந்திருந்தன.

"நடக்கிற பிள்ளைங்க, பேசுற பிள்ளைங்கதான் இருக்காங்க. முடியாத பிள்ளைங்க எங்க?" என்று கேட்டார். காலையிலிருந்தே எனக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கமிஷன் கடைக்காரம்மா, "காய்ச்சலுங்க" என்றார். அதே நேரத்தில் இன்னொரு அம்மா, "ஊருக்குப் போயிருக்காகங்க" என்றாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த கதைதான்.

அந்த அதிகாரி கையிலிருந்த பேனாவை மூடிவிட்டார். பெயர் இருந்து பிள்ளை இல்லாத இடங்களைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்றார். மானியம் கூடுதலாக வருவதே முடியாத பிள்ளைகளுக்காகத்தான், அந்தப் பெயர்களில் மட்டும் ஆள் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார். தேனிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வருடமாக மடியில் போட்டுக் கஞ்சி ஊட்டின பிள்ளையை, அப்படி ஒரு பிள்ளையே கிடையாது என்கிறார்களே. "வாங்க மேடம், வீட்டுக்கே கூட்டிப் போறேன்" என்றேன். என் குரல் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

மற்ற இரண்டு பிள்ளைகளின் வீடு தூரம். குட்டிம்மா வீடுதான் பக்கம். ஜீப்பில் ஏறும்போது அந்த அதிகாரி ஒரு நிபந்தனை போட்டார். அங்கே நான் இறங்கக் கூடாது, பேசக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. அவர்தான் கேட்பார். அவர் பக்கம் நியாயம் இருந்தது, நானும் தலையாட்டினேன். இதோ கதவைத் திறந்ததும் பிள்ளையைப் பார்த்துவிடுவார், அப்புறம் நம்மிடம் மன்னிப்புக் கேட்பார் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே போனேன்.

சந்துக்குள் ஜீப் போகாது. முனையிலேயே நிறுத்தினார்கள். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவள் வாசல் நேராகத் தெரிந்தது. அதிகாரி போய்க் கதவைத் தட்டினார். அவள் கதவைப் பாதி மட்டும் திறந்து, குறுக்கே நின்றாள். கையெல்லாம் புளி. யாரோ படித்த அம்மா, பின்னால் முனையில் அரசாங்க ஜீப். அவள் முகம் வெளிறியது எனக்கே தெரிந்தது. ஜீப்புக்குள் நான் இருப்பதை அவள் கவனிக்கவில்லை.

"இந்த வீட்டுல நடக்க முடியாத பெண் குழந்தை ஒண்ணு இருக்காம்மா?"

அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "இல்லீங்க. இங்கன பிள்ளை ஏதும் இல்லீங்க."

அதிகாரி திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. நிபந்தனையாவது ஒன்றாவது. ஜீப்பிலிருந்து குதித்து இறங்கினேன். அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஒரு வருடப் பழக்கம், தினமும் காலையில் கூப்பிட்டுப் பழகின வாய், அதிலிருந்து வந்தது வேறு. "குட்டிம்மா" என்று சந்தே அதிரக் கூப்பிட்டேன்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை. தொண்டையிலிருந்து இழுத்து, முக்கி, "ங்ஆ" என்று ஒரு சத்தம். என்னையும் அறியாமல் மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும் அதே சத்தம், கொஞ்சம் பலமாக. ஒரு வருடமாக என் முகத்தைப் பார்க்காத பிள்ளை, முகம் பார்க்க முடியாத இடத்திலிருந்து எனக்குப் பதில் சொல்கிறாள்.

அவள் அம்மா கதவைப் பிடித்தபடியே சரிந்து வாசப்படியில் உட்கார்ந்துவிட்டாள். புளிக் கையோடு முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த அதிகாரி ஒரு சொல் கடிந்து பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பிள்ளை பாயில், இரண்டு பக்கமும் துணி சுருட்டி அணைகொடுத்து, நாங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைக்கு மேலே சிவப்புக் கிண்ணம் ஒன்று கயிற்றில் தொங்கியது, கண் அதைத் தொடர வேண்டும் என்பதற்காக. பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்தார். அப்புறம் பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டு, ஏனம்மா இல்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டார்.

"தேறாத பிள்ளையப் பாத்தா மூடிருவாகன்னு சொன்னாகம்மா. மூடிட்டா இவளுக்கு வேற எடம் இல்ல. நான் நாலாப்புப் படிக்கையில என்னையும் அப்படித்தேன் வீட்டுல இருக்கச் சொன்னாக. அன்னைக்கு இன்ஸ்பெக்டரு எங்க பள்ளிக்கூடத்த நல்ல பள்ளிக்கூடம்னு சொல்லிட்டுப் போனாக." அவள் இதை அழுதுகொண்டு சொல்லவில்லை. சாதாரணமாக, நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

தேறுகிற பிள்ளைகளைப் பார்க்க நான் எதற்கு அவ்வளவு தூரத்திலிருந்து வர வேண்டும் என்று அந்த அதிகாரி மெதுவாகக் கேட்டார். யாரிடம் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார். மீதி இரண்டு வீடுகளுக்கும் சாயங்காலத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு, அங்கீகாரத்துக்குப் பரிந்துரை செய்கிறேன், சாய்தளத்தை மட்டும் மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மையம் பிழைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும், பிள்ளை பதில் சொன்னாளே. கடைத்தெருவில் அல்வாவும் காராச்சேவும் வாங்கிக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் புளியை அப்படியே போட்டுவிட்டு, பிள்ளையை மடியில் வைத்துச் சுவரில் சாய்ந்திருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை. "பாத்தியாம்மா, ஆளப் பாக்காமலே குரல் தெரியுது அவளுக்கு. இம்புட்டு நாளா நம்ம பேசினது எல்லாம் அவ காதுல விழுந்துக்கிட்டுத்தேன் இருந்திருக்கு. அவளுக்கு எல்லாம் புரியுது" என்று பொரிந்து தள்ளினேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நான் வாசல்ல சொன்னதும் அவளுக்குப் புரிஞ்சிருக்குமா டீச்சர்?"

காராச்சேவுப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன். என்ன முட்டாள் நான், இதை யோசிக்காமல் வாயை விட்டிருக்கிறேனே என்று ஆகிவிட்டது. சமாளிக்கப் பார்த்தேன். அவசர அவசரமாக, அதெல்லாம் இல்லை, குரல்தான் தெரியும், வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் தெரியாது, இந்தப் பிள்ளைகளுக்கு அது ரொம்ப நாள் ஆகும் என்று, படித்ததையெல்லாம் திரட்டிச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பெருமூச்சு விட்டாள். பிள்ளையின் தலைமுடியைக் கோதிக்கொடுத்தாள்.

கோதின கையை நிறுத்தி, தலையைத் தூக்காமலே கேட்டாள். "அப்பன்னா, தங்கமே, எந்தாயி, நீதேண்டி எனக்குன்னு நான் தெனம் சொல்றேனே. அதுவும் புரிஞ்சிருக்காதா டீச்சர்?"

மைக் செட் என்று பெயர் வாங்கினவள் நான். அந்த வீட்டில் நின்று ஒரு வார்த்தை என்னால் சொல்ல முடியவில்லை. புரிந்தது என்றால் இரண்டும் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை என்றால் இரண்டுமே இல்லை. பொட்டலத்தை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள்தான் என்னைத் தேற்றி, பஸ்ஸுக்கு நேரமாச்சு, போங்க டீச்சர் என்று அனுப்பிவைத்தாள்.

அங்கீகாரம் வந்தது. சாய்தளத்தை நீட்டிப் போட்டோம். கமிஷன் கடைக்காரம்மா குட்டிம்மாவின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், அவளும் விடுங்கக்கா என்றுவிட்டாள். தினமும் வந்தாள். ஆனால் பெயர் கூப்பிடும்போது பிள்ளைக்காக அவள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். என்னோடு சேர்ந்து அவளும் காத்திருப்பாள். சில நாள் அந்த 'ங்ஆ' வரும், பல நாள் வராது. இன்னொரு புதுப் பழக்கமும் வந்திருந்தது. புது ஆள் யார் எதிரே வந்தாலும், பஸ் கண்டக்டரோ, மல்லிப் பூக்காரியோ, வழி கேட்கிறவரோ, பிள்ளையின் முகத்தை அவர்கள் பக்கம் திருப்பி, "இது எம் மக" என்பாள். கேட்காமலே சொல்வாள். பிள்ளைக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வாள். தெரியாதவர்கள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள்.

அதற்கடுத்த வருடம் மார்கழிப் பனியில் பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. தேனிக்குக் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை. நான் போனபோது அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். காரியம் முடிந்து அறையைக் காலி செய்துகொண்டு புருஷனோடு மேகமலைக்கே போய்விட்டாள். அதன்பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

நான் இப்போதும் இதே வேலையில்தான் இருக்கிறேன். எத்தனையோ ஆய்வு பார்த்துவிட்டேன். புதிதாகப் பிள்ளையைக் கொண்டுவருகிறவர்கள், பிள்ளை மடியில் இருக்கும்போதே, "இதுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர், நீங்க சும்மா சொல்லுங்க" என்பார்கள். நான் எழுந்து, பிள்ளையை ஆயாம்மா மடியில் விட்டுவிட்டு, அவர்களை வெளியே கூட்டிப்போய்விடுவேன். குட்டிம்மாவுக்கு அன்று எது புரிந்தது, எது புரியவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாத காரணத்தினாலேயே, எல்லாம் புரியும் என்று வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பிள்ளைக்கு முன்னாலும் நான் வாயைத் திறக்கிறேன்.